குமிழ் திருகிக் கண்டெடுத்த சத்தம்

பல்செட் அக்கா என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் இல்லை. பல் டாக்டர் என்று நினைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்திலேயே வாயைப் பிளந்து காட்டியவர்கள்கூட உண்டு. "நான் டாக்டர் இல்லைங்க, பல்லு செய்யறவ" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அவள் வேலை பார்த்த லேப். கிளினிக்குகளிலிருந்து வாய் அச்சுகளைக் கூரியர்காரர் பெட்டியில் கொண்டுவந்து போடுவார். அதில் பிளாஸ்டர் மாவு கரைத்து ஊற்றி, மெழுகில் பல் வரிசை வைத்து, ரோஸ் நிற ஈறு வார்த்து, வேகவைத்து எடுத்து, கடைசியில் ராவி மெருகேற்றி அனுப்ப வேண்டும். ராவுகிற வேலை அவளுடையது. பேனா போலக் கையில் பிடிக்கிற சின்ன மெஷின், அதன் முனையில் சுழலும் ஊசி. பக்கத்திலேயே தூசியை உறிஞ்சுகிற குழாய். இரண்டும் சேர்ந்து காலை முதல் சாயங்காலம் வரை கீச்சென்று கத்திக்கொண்டிருக்கும். பதினெட்டு வருஷமாக அந்த மேஜையில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் ராவிய செட் உதட்டை உரசாது என்று டாக்டர்கள் கேட்டு வாங்குவார்கள்.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில் மெஷினை நிறுத்தினாள். சத்தம் நிற்கவில்லை. சுவிட்சைப் பார்த்தாள், அணைந்திருந்தது. பிளக்கைப் பிடுங்கினாள். அப்போதும் நிற்கவில்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போனாள், மாடிப்படியில் இறங்கிப் பார்த்தாள், தெருவில் நின்று பார்த்தாள். அவள் போன இடமெல்லாம் அதுவும் கூடவே வந்தது. அப்போதுதான் அது தனக்குள்ளே இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது.

கண்ணாடி டம்ளரின் விளிம்பில் ஈர விரலை ஓட்டினால் வருமே, அந்த மாதிரி ஒரு கீச்சு. அதன் பின்னால் எங்கோ காற்று கசிகிற மாதிரி ஒரு சரசரப்பு. இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒன்று மெல்ல விம்மி விம்மி அடங்கியது. தூங்கி எழுந்தால் போய்விடும் என்று படுத்தாள். எழுந்தபோது அவளுக்கு முன்பே அது எழுந்து உட்கார்ந்திருந்தது.

யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான். "எனக்கும் அப்பப்ப வரும், ஒரு கொட்டாவி விட்டா சரியாயிடும்" என்றாள் மெழுகு மேஜைக்காரி. "காதுல எண்ணெய் விட்டுப் பாரேன்" என்றாள் அவள் கூடப்பிறந்த அக்கா போனில். காது டாக்டர் அவளை ஒரு பெட்டிக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார். முடிவைப் பார்த்துவிட்டு, "பெரிசா ஒண்ணும் கெடல. நரம்பு கொஞ்சம் களைச்சிருக்கு. இதுக்கு மருந்துன்னு கிடையாதும்மா, போகப்போகப் பழகிடும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் வெளியே இன்னும் இருபது பேர் காத்திருந்தார்கள். எந்தச் சத்தம், எப்படிப்பட்ட சத்தம் என்று கேட்க அவருக்கு நேரமில்லை.

கேட்டிருக்க வேண்டிய இன்னொருவர் வீட்டில் இருந்தார். அவள் கணவர் டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டர். கற்றுக்கொள்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கிற தனி பிரேக்கின் மேல் பாதத்தை வைத்தபடியே நாள் பூராவும் ஊரைச் சுற்றுகிற வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கால் சும்மா இருக்காது. டிவியில் கார் வேகமாகப் போனாலே தரையை அழுத்துவார். நல்ல மனிதர். ஆனால் எட்டு மணிநேரம் கியர் கரகரப்பதைக் கேட்டுவிட்டு வருகிறவருக்கு வீடு அமைதியாக இருக்க வேண்டும். அவளுக்கோ அமைதிதான் ஆகவில்லை. ஃபேனை முழு வேகத்தில் வைத்தாள். பாத்திரம் கழுவி முடித்த பிறகும் குழாயைச் சன்னமாகத் திறந்தே விட்டாள்.

"காதுல சத்தம் கேக்குதுங்கற. அப்புறம் எதுக்கு இன்னும் சத்தத்தைக் கூட்டற?"

"வெளிய சத்தம் இருந்தா உள்ள இருக்கறது கொஞ்சம் அடங்குதுங்க."

"அது எந்த ஊரு கணக்கு? தலைவலிக்குத் தலையில தட்டற மாதிரி இருக்கு."

அவளுக்கு விளக்கத் தெரியவில்லை. அவருக்கும் மேற்கொண்டு கேட்கத் தோன்றவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் குடும்பத்தோடு வந்திருந்தபோது, பேச்சோடு பேச்சாக அவர், "உங்க அண்ணிக்குக் காதுக்குள்ள ரேடியோ ஓடுது. ஸ்டேஷன்தான் கிடைக்க மாட்டேங்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

அதை யாராவது ஒருவர் கேட்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். போகாவிட்டாலும் பரவாயில்லை, இருக்கிறது என்று இன்னொரு ஆளுக்குத் தெரிந்தால் போதும்.

மகள் வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். பேசிக்கொண்டிருக்கும்போது அம்மா இதைச் சொல்லவும், அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"அம்மா, என் ரூம்ல ஒருத்தி இருக்கா. டேப்லெட்ல விதவிதமா சத்தம் செஞ்சுக்கிட்டே இருப்பா. சின்தசைசர்னு பேரு. பழைய காலத்துப் பெட்டி மாதிரி குமிழா இருக்கும், திருகித் திருகி எந்தச் சத்தம் வேணும்னாலும் கொண்டு வருவா. நான் விட்டுட்டு வந்த டேப்லெட் அங்க சும்மாதானே கிடக்கு?"

அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் கிடந்த டேப்லெட்டை எடுத்துத் துடைத்து சார்ஜில் போட்டாள். முதலில் இறக்கியது இலவச ஆப். ஒரு நேர்க்கோடு, அதில் ஒரு புள்ளி. இழுத்தால் விசில் ஏறும், இறங்கும். அவளுடைய சத்தத்துக்குப் பக்கத்தில்கூட அது வரவில்லை. ஆஸ்பத்திரி மெஷின் மாதிரி வழவழவென்று ஒரே சீராக இருந்தது. அவளுடையதில் சொரசொரப்பு இருந்தது.

இரண்டாவதுதான் வினையாகிப்போனது. திறந்தால் விமானி உட்காருகிற அறை மாதிரி இருந்தது. திரை கொள்ளாத குமிழ்கள், விளக்குகள், ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகிற ஒயர்கள். ஏழு நாள் சும்மா பார்க்கலாம் என்றது. பிறகு என்ன என்பதைப் பொடி எழுத்தில் கீழே போட்டிருந்தார்கள். பொடி எழுத்துக்கு அவளுடைய கண்ணாடி போதவில்லை. மகள் அந்த டேப்லெட்டை வைத்திருந்த காலத்தில் பரீட்சைக்குப் பணம் கட்ட அப்பாவின் கார்டைத்தான் அதில் பதிந்து வைத்திருந்தாள். அது அப்படியே இருந்தது. அக்கா விரலை வைத்தாள், ஆப் திறந்தது. எதையோ தொட்டதும் அது ஓலமிடத் தொடங்கி, எதைத் தொட்டாலும் நிற்காமல், பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்க்கும்படி ஆனது. பயந்துபோய் அதை மூடியவள் பிறகு திறக்கவேயில்லை. திறக்காவிட்டால் போதும் என்றே நினைத்திருந்தாள்.

அடுத்த வாரம் மாஸ்டர் பேங்க்கில் வேலை பார்க்கும் ஒரு அம்மாளுக்கு மேட்டில் வண்டி நிறுத்தி எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். போனில் மெசேஜ் வந்தது. வருஷச் சந்தா முழுவதும் ஒரே வீச்சில் கணக்கிலிருந்து போயிருந்தது. யாரோ திருடிவிட்டார்கள் என்று பதறி அவர் மெசேஜைப் படித்த நேரத்தில், அந்த அம்மாள் கிளட்சை விட்டுவிட்டார். எஞ்சின் நின்று வண்டி பின்னால் உருண்டது. மாஸ்டரின் கால் பிரேக்குக்குப் போவதற்குள் பம்பர் ஒரு மதில் சுவரைப் போய்த் தொட்டுவிட்டது.

யாருக்கும் அடியில்லை. பம்பர் நசுங்கியது. பணம் எந்த ஆப்புக்குப் போனது என்று பேங்க்கில் விசாரித்துக்கொண்டுதான் அவர் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார்.

"இத்தனை வருஷத்துல என் கால் ஒரு தடவை தப்பினதில்ல. இன்னிக்குத் தப்பிடுச்சு. எதுக்கு? நீ விளையாட்டு ஆப் வாங்கினதுக்கு."

"விளையாட்டு இல்லைங்க..."

"பின்ன என்ன? பாட்டு கத்துக்கப் போறியா? கச்சேரி பண்ணப் போறியா? காதுல வலி, சத்தம்னு அழறவ, கத்தற பொட்டியைக் காசு குடுத்து வாங்கியிருக்க! யார்கிட்டயாவது சொன்னா வாயால சிரிக்க மாட்டாங்க."

தப்பு அவள் பேரில்தான். ஆனால் எதற்காக அதை வாங்கினாள் என்று அவர் கேட்ட விதத்தில் கேள்வியே இல்லை. அவர் கார்டை டேப்லெட்டிலிருந்து நீக்கினார். மகள் சந்தாவை நிறுத்தச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதினாள். பணம் திரும்பி வருமா என்பதற்குக் கடைசிவரை சரியான பதில் வரவில்லை. வீட்டில் பேச்சு சாப்பாடு, கரண்ட் பில் என்ற அளவில் சுருங்கியது. பேச்சு குறையக் குறைய அவள் காதுக்குள் இருந்தது ஏறிக்கொண்டே போனது.

விட்டுவிடலாமா என்று பார்த்தாள். முடியவில்லை. மகள் அனுப்பிய வீடியோக்களை மதிய சாப்பாட்டு நேரத்தில் சத்தமில்லாமல், படத்தை மட்டும் பார்த்தாள். கடைசியில் தேர்வு இரண்டு ஆப்களில் வந்து நின்றது. ஒன்று மரச்சட்டம் போட்ட மாதிரி அழகாக இருந்தது. தொட்டதும் பாடுகிற சத்தங்கள் நூற்றுக்கணக்கில் அதில் தயாராக இருந்தன. மற்றது சாம்பல் நிறத்தில் மொட்டையாக இருந்தது. சத்த அலை தருகிற இடம் இரண்டு, இரைச்சலுக்கு ஒரு குமிழ், சத்தத்தைச் சலித்துச் சன்னமாக்குகிற வடிகட்டிக்கு ஒரு குமிழ், வேறு ஒன்றும் பெரிதாக இல்லை. ஒரே தடவை பணம் கட்டினால் போதும், அப்புறம் கேட்காது. அதற்குக் கீழே யாரோ ஒருவர், "இதில் ரெடிமேட் சத்தம் எதுவுமே இல்லை. எல்லாவற்றையும் நாமே உண்டாக்க வேண்டியிருக்கிறது, தண்டம்" என்று திட்டி ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தார். அதைப் படித்ததும் அவள் முடிவு செய்துவிட்டாள். அவளுக்கு வேண்டிய சத்தத்தை வேறு யார் தயார் செய்து வைத்திருக்க முடியும்?

பணம் கட்டுவதுதான் பாடு. அவளுடைய பேங்க் கார்டுக்கும் ரகசிய எண் கணவரின் போனுக்குத்தான் வரும். கணக்குத் திறந்தபோது அவர் நம்பரைக் கொடுத்திருந்தார்கள். கேட்டால் கொடுப்பார், ஆனால் கேட்க வாய் வரவில்லை. மொபைல் கடையில் காசு கொடுத்தால், சுரண்டி எண்ணைப் போட்டு ஆப் வாங்குகிற கார்டு கிடைக்கும் என்று மகள் சொன்னாள். லேப் விட்டு வரும் வழியில் கடையில் ஏறினாள்.

"கேமுக்கா அக்கா? பசங்களுக்கா?" என்றான் கடைக்காரன்.

"எனக்குத்தாம்பா."

அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "எந்த கேம்க்கா? நானும் ஆடுவேன்" என்றான் ஆவலாக. அவள் கார்டை வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, திருட்டுச் சாமான் வாங்கியவளைப் போல வேகமாக இறங்கி நடந்தாள்.

விடுமுறை நாளில், மாஸ்டர் வகுப்புக்குக் கிளம்பிய பிறகு, நல்ல ஹெட்போனாகப் பார்த்து மகளின் மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். போனில் மகளின் அறைத்தோழி வழி சொன்னாள். "ஆன்ட்டி, எல்லாத்தையும் அணைச்சிடுங்க. முதல்ல ஒரே ஒரு அலையை மட்டும் விடுங்க. அதுல உருண்டையா ஒண்ணு இருக்கும், கூரா ஒண்ணு இருக்கும், ரம்பப் பல் மாதிரி ஒண்ணு இருக்கும்." இங்கேயும் பல்லா என்று அக்காவுக்குச் சிரிப்பு வந்தது.

வேலை பிடிபட்டதும் போனை வைத்துவிட்டாள். இது அவளுக்குப் பழக்கமான வேலைதான். பல்லுக்கு நிறம் பொருத்தும்போது மாதிரிப் பல்லைப் பக்கத்தில் வைத்து உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் ஏமாந்துவிடும். பார்வையை வேறெங்காவது விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்கிற முதல் நொடியில் தோன்றுவதுதான் சரி. அதே மாதிரி குமிழைக் கொஞ்சம் திருகுவாள், நிறுத்துவாள், தன் சத்தத்தைக் கேட்பாள், மறுபடி திருகுவாள். முதல் அலையை உச்சிக்கு அருகே கொண்டுபோனாள். இன்னும் மேலே. மயிரிழை கீழே. கிடைத்தது. இரண்டாவது அலையை அதன் தோளிலேயே, ஒட்டியும் ஒட்டாமலும் வைத்தாள். இரண்டும் உரசி, விம்மல் தானாக வந்தது. இரைச்சலைத் திறந்தாள், அதிகம். குறைத்தாள். வடிகட்டியைத் திருகித் திருகி, மணல் கொட்டுகிற மாதிரி இருந்ததைக் காற்று கசிகிற அளவுக்குச் சன்னமாக்கினாள்.

ஒரு கட்டத்தில் எது வெளியே இருந்து வருகிறது, எது உள்ளே இருக்கிறது என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தாள். பிறகு நிறுத்தினாள்.

ஒன்றுமே இல்லை.

கொடியில் துணி படபடத்தது. பக்கத்து வீட்டில் யாரோ சரசரவென்று பேப்பர் புரட்டினார்கள். தன் மூச்சு மூக்கில் ஏறி இறங்குவதைக் கேட்டாள். எத்தனை மாதமாயிற்று! எழுந்தால் உடைந்துவிடுமோ என்று அசையாமல் இருந்தாள். அரை நிமிஷம் இருக்குமோ என்னவோ, தூரத்தில் புள்ளியாகத் தொடங்கி, அது நடந்து வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. டேப்லெட்டை மடியில் கவிழ்த்துப்போட்டுவிட்டு அவள் வாய்விட்டு அழுதாள்.

அன்றிலிருந்து அதுவே வேலையானது. அந்த அரை நிமிஷத்துக்காக மறுபடி மறுபடி போட்டுப் போட்டு நிறுத்தினாள். முதலில் கொடுத்த அமைதியை அது பிறகு கொடுக்கவில்லை. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாள், கொடுத்தது. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். காதுக்குள் குத்தல் எடுத்தது. தப்பு என்று தெரிந்தேதான் செய்தாள்.

லேப் விடுமுறையான ஒரு மதியம் மாஸ்டர் சாப்பாட்டுக்கு வந்தபோது வீடெல்லாம் புகை. அடுப்பில் வைத்த பால் பொங்கி, சுண்டி, பாத்திரம் கரியாகிக் கிடந்தது. அவள் சமையலறைக்கு முதுகைக் காட்டியபடி, ஹெட்போனோடு கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டார், திரும்பவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து ஹெட்போனைப் பிடுங்கினார்.

"வீடு எரிஞ்சாக்கூடத் தெரியாத அளவுக்கு அப்படி என்ன பாட்டு?" என்று அதைத் தன் காதில் வைத்தார்.

வைத்த வேகத்தில் எடுத்தார். "சீ! என்ன கருமம் இது?"

"இதாங்க அது."

"எது?"

"என் காதுல இருக்கறது. ரேடியோன்னு சொன்னீங்களே, அது."

அவர் அவளைப் பார்த்தார், டேப்லெட்டைப் பார்த்தார். அவள் சத்தத்தை நன்றாகக் குறைத்தாள். தனக்குள் கேட்கிற அளவு எதுவோ, அந்த அளவில் வைத்தாள். "இப்பக் கேளுங்க. கழட்டாதீங்க. போட்டுக்கிட்டே சாப்பிடுங்க" என்றாள். அவள் அப்படி உத்தரவு போட்டு அவர் பார்த்ததில்லை. மறுபேச்சில்லாமல் மாட்டிக்கொண்டார்.

சாதம் போட்டாள். நாலு வாய் வரைக்கும் விறைப்பாகச் சாப்பிட்டார். அவள் ஏதோ சொன்னாள். "என்ன?" என்றார். திரும்பச் சொன்னாள். வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டே, "ரசமா?" என்றார். அவள் கேட்டது மகளைப் பற்றி. அதற்குப் பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குப் போகவில்லை. நெற்றியில் வேர்த்தது. மேஜைக்கு அடியில் அவருடைய வலது கால் தரையை அழுத்து அழுத்தென்று அழுத்திக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள்.

"இது எப்ப நிக்கும்?" என்று உரக்கக் கேட்டார்.

"நிக்காதுங்க."

கழற்றி மேஜைமேல் வைத்தார். கையைக் கழுவக்கூட எழுந்திருக்கவில்லை. "நான் கழட்டிட்டேன்" என்றார். சற்றுப் பொறுத்து, "உன்னால முடியாதுல்ல" என்றார். அவள் தட்டை எடுக்கப் போனபோது, "இரு, நான் வைக்கிறேன்" என்று எழுந்தார். கருகின பாத்திரத்தைத் தேய்க்கிறேன் என்று அன்றைக்கு வகுப்புக்கே நேரம் கழித்துத்தான் போனார்.

நாளைக்கே லேபுக்கு வந்து முதலாளியிடம் பேசுகிறேன் என்று குதித்தவரைத் தடுத்து, அவளே பேசுவதாகச் சொன்னாள். முதலாளி கெட்டவர் இல்லை. அவளுக்கு முன்பு அந்த ராவுகிற மேஜையில் பல வருஷம் உட்கார்ந்து எழுந்தவர் அவர்தான். தொழிலை அங்கேதான் தொடங்கினார். மெழுகு மேஜைக்கு மாற்றிக்கொடுங்கள் என்று ஏற்கெனவே ஒருமுறை அவள் கேட்டதற்கு, "ஏம்மா, இந்தச் சத்தத்துல நான் இருக்கல? எனக்கு என்ன ஆச்சு?" என்று முடித்துவிட்டார்.

டேப்லெட்டை எடுத்துக்கொண்டு போனாள். காலையில் மெஷின்கள் ஓடத் தொடங்குமுன், கூரியர்காரர் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தபோது, "சார், ஒரு நிமிஷம். எனக்கு என்ன கேக்குதுன்னு நீங்க ஒரு தடவை கேளுங்க. அப்புறம் சொல்லுங்க" என்று மேஜைமேல் வைத்தாள். ஹெட்போன் வேண்டாம் என்று ஸ்பீக்கரிலேயே விட்டாள்.

முதலாளி குனிந்து, தலையைச் சாய்த்து, காத்திருந்தார். "ம், போடு."

"போட்டிருக்கேன் சார்."

"எங்க? ஒண்ணும் வரலியே. சார்ஜ் இருக்கா பாரு."

அவள் திரையைப் பார்த்தாள். ஓடிக்கொண்டுதான் இருந்தது, அவள் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஒருவேளை தனக்கு மட்டும்தான் கேட்கிறதோ என்று ஒரு கணம் அவளுக்கே சந்தேகம் வந்தது. சத்தத்தை முழுக்கக் கூட்டினாள். கதவருகில் நின்ற கூரியர்காரர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, "அய்யோ அக்கா, நிறுத்துங்க! பல்லு கூசுது!" என்று கத்தினார். மெழுகு மேஜைக்காரி உள்ளறையிலிருந்து ஓடிவந்தாள்.

முதலாளி மட்டும் குனிந்தபடியே இருந்தார். காதைப் பொத்திக்கொண்டு நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். விளையாடுகிறார்களோ என்று அவர் முகத்தில் முதலில் ஒரு சிரிப்பு வந்தது. அது பாதியில் நின்றுவிட்டது.

அவள் அவசரமாக நிறுத்தினாள். கூரியர்காரர் கையெழுத்துக்கூட வாங்காமல் இறங்கிப் போனார். முதலாளி தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று முழுவதும் வெளியே வரவில்லை. அக்கா வழக்கம்போல மெஷினைப் பிடித்தாள், கை ஓடவில்லை. அவள் காட்டப் போனது தன் காதை. காட்டியதோ அவர் காதை. அதைவிட, கொஞ்ச வருஷம் கழித்துத் தான் எப்படி இருக்கப்போகிறோம் என்பதையும் அவள் அங்கே பார்த்துவிட்டாள்.

சாயங்காலம் எல்லோரும் கிளம்பும் நேரத்தில் அவர் கூப்பிட்டார்.

"அதைக் கொண்டா. நான் சொல்ற வரைக்கும் இறக்கிட்டே வா."

அவள் இரைச்சலை அணைத்து, ஒற்றை அலையை மட்டும் விட்டு, குமிழை மெல்லக் கீழே இறக்கினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கீச்சு போய், விசிலாகி, விசில் தடித்து, குயில் கூவுகிற உயரத்துக்கு இறங்கிவந்த பிறகுதான், "ஆங்" என்று கையைத் தூக்கினார். அவள் திருகிய தூரத்தை அவர் திரையில் பார்த்துக்கொண்டார்.

"இவ்வளவு இடம் போச்சா?" என்றார். பிறகு, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல, "என் பொண்டாட்டி பேச்சை முழுங்கறா, முணுமுணுக்கறான்னு பத்து வருஷமா சண்டை போடறேன்மா" என்றார்.

"ஒரு தடவை டெஸ்ட் பண்ணிடுங்க சார்" என்றாள். அவர் தலையாட்டினார், அவளுடைய முகத்தைப் பார்க்காமல்.

அடுத்த மாதம் அவள் மெழுகு மேஜைக்கு மாறினாள். ராவுகிற மேஜையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்தார்கள். அதில் உட்கார வந்த புதுப்பெண்ணுக்கு முதல்நாளே காதை மூடுகிற கவசம் கொடுத்தார்கள். அதைப் போட்டால் அந்தப் பெண்ணுக்குக் காது வியர்த்தது. எப்போது பார்த்தாலும் கழுத்தில்தான் தொங்கியது. ஏற்றிவிடச் சொல்லி சைகை காட்டுவது அக்காவுக்குத் தினசரி வேலையானது. முதலாளி காதுக்கு மெஷின் வாங்கிப் போட்டுக்கொண்டார். அது வந்த பிறகு அவருக்குக் கோபம் அதிகமாகியிருந்தது. தன்னைப் பற்றி லேபில் பேசப்பட்டதெல்லாம் இப்போதுதான் காதில் விழுகிறது என்று மெழுகு மேஜைக்காரி சொன்னாள்.

காது டாக்டரிடம் இந்த முறை கணவரும் கூட வந்தார். டேப்லெட்டைக் காட்டியபோது டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து கேட்டார். "இவ்வளவு துல்லியமா யாரும் எனக்குக் காட்டினதில்லம்மா" என்றார். ஆனால் சத்தமாகப் போட்டுப் போட்டு அவள் அமைதி வாங்கியதைக் கேட்டதும் கடிந்துகொண்டார். இருக்கிற நரம்பையும் அது தின்றுவிடும் என்றார். வேண்டுமானால் இரைச்சலை மட்டும், இருக்கிறதா இல்லையா என்கிற அளவில் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

"போயிடுமா டாக்டர்?" என்று கேட்டது மாஸ்டர்தான்.

"போகும்னு நான் சொன்னா அது பொய். இருக்கறது தெரியாம சில நேரம் இருப்பாங்க. அந்த நேரம் கூடிக்கிட்டே வரும். அவ்வளவுதான் சொல்ல முடியும்."

அந்தச் சாம்பல் நிற ஆப்பில் இரண்டு அலைகளையும் அணைத்துவிட்டு, இரைச்சலை மட்டும் மழை தூறுகிற அளவில் வைத்து அவள் இப்போது பயன்படுத்துகிறாள். தன் சத்தத்தைச் செய்து வைத்த அமைப்பை அழித்துவிடலாம் என்று மகள் சொன்னாள். அவளுக்கு அழிக்க மனம் வரவில்லை, போடவும் இல்லை.

சில நாள் பரவாயில்லை. சில நாள் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்கிற மாதிரி இருக்கும். பல் வரிசை வைக்கிறபோது, கவனமெல்லாம் மெழுகில் இருக்கும்போது, அது இல்லாத மாதிரியே கொஞ்ச நேரம் ஓடிவிடுவதும் உண்டு.

இப்போது கஷ்டம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. மாஸ்டர் அவளைக் கேட்கத் தொடங்கினார். காலையில் பல் தேய்க்கும்போது, "இப்ப இருக்கா?" வகுப்புக்கு நடுவில் போன் செய்து, "இப்ப எப்படி, குறைஞ்சிருக்கா?" சாப்பிட உட்கார்ந்தால், "இருக்கா?" அவளிடம் உரக்கப் பேச வேண்டும் என்று அவராகவே முடிவு செய்துகொண்டு, பக்கத்தில் உட்கார்ந்தே கத்துவார். மறந்திருந்த நேரத்தில் அவர் கேட்டதும், உள்ளே போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். பார்த்தால் அது இருக்கும். அப்புறம் அன்றைக்குப் போகாது.

"தயவுசெஞ்சு கேக்காதீங்க" என்று ஒருநாள் சொன்னாள். "நீங்க கேக்கும்போதுதான் வருது."

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. "கேக்கலைன்னும் திட்டுவே, கேட்டாலும் திட்டுவே" என்றார். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அன்றிலிருந்து கேட்பதில்லை. ஆனால் சாப்பிடும்போது அவள் கை ஒரு கணம் நின்றால் போதும், அவரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்ப்பார். அவள் உடனே கரண்டியை எடுத்து, "குழம்பு ஊத்தட்டுமா?" என்பாள். "ம்" என்பார். இருவரும் மேற்கொண்டு சாப்பிடுவார்கள்.